சுளுக்கு என்றார்கள், எலும்பு விலகியிருந்தது: இழப்பீடு கேட்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

ஐப்பசி மழையில் கோத்தகிரிப் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் படிகள் எப்படி வழுக்கும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் சித்தி கொழுந்து மூட்டையோடு எடை போடும் இடத்துக்கு இறங்கும்போது, கடைசிப் படியில் வலது கால் விரல்கள் மாட்டிக்கொண்டு, குதிகால் மேலே எழும்பிய நிலையில், உடம்பு பாரம் மொத்தமும் அந்த ஒரு பாதத்தின் மேல் இறங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். கணுக்காலை அழுத்திப் பார்த்தார்கள், படுக்கவைத்து ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள், "எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, சுளுக்குதான்" என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி, வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் உள்ளங்கால் நடுவில் நாவல்பழ நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது. 12ஆம் நாள் மறுபடி போனோம், நாலாவது வாரமும் போனோம். செருப்பே போட முடியவில்லை என்று சித்தி சொன்னதற்கு "வயசாச்சுல்ல, மெதுவாத்தாம்மா ஆறும்" என்ற பதிலும் அதே மாத்திரையும்தான் கிடைத்தது. ஏழாவது வாரம் கீழே கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம். அங்கே எலும்பு மருத்துவர் செய்த முதல் காரியம், உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தது. அப்புறம் இரண்டு காலையும் ஊன்றி நிற்கவைத்து ஒரு எக்ஸ்ரே, அதன் பிறகு சி.டி. ஸ்கேன். பாதத்தின் நடுவில் எலும்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஜவ்வு அறுந்து, எலும்பு விலகியிருந்தது.

இதற்கு லிஸ்ஃப்ராங்க் காயம் என்று பெயர். நெப்போலியன் காலத்து பிரெஞ்சு அறுவை மருத்துவர் ழாக் லிஸ்ஃப்ராங்கின் பெயரில் அழைக்கப்படும் மூட்டு அது. படுத்த நிலையில் எடுக்கும் எக்ஸ்ரேயில் எலும்புகள் பழைய இடத்திலேயே இருப்பது போலத் தெரியும், பாரம் இறங்கினால்தான் இடைவெளி விரியும். ஐந்தில் ஒன்று வரை முதல் பார்வையில் தவறிப்போகிறது என்று மருத்துவ நூல்களிலேயே எழுதியிருக்கிறார்கள். பாதத்தில் இப்படித் தவறிப்போகிற காயங்கள் இன்னும் உண்டு: குதிகாலுக்கு மேலே இருக்கும் பெரிய நரம்பு (மருத்துவர்கள் தசைநாண் என்பார்கள்) அறுந்தது, சுண்டுவிரல் எலும்பின் அடிப்பகுதி உடைந்தது, முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாத மயிரிழை முறிவு. சர்க்கரை நோயாளிகளுக்கு பாத எலும்பு நொறுங்கி வீங்குவதை சீழ்க்கட்டு என்று நினைத்து வெறும் மாத்திரையோடு விட்டுவிடுவதும் நடக்கிறது.

சரி, இப்போது எல்லோரும் கேட்கிற கேள்வி. தப்பாகச் சொன்னார்கள், கால் போச்சு, நஷ்டஈடு கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் "தப்பாகச் சொன்னார்கள்" என்பது மட்டும் போதாது. இந்த ஒரு விஷயம் புரியாமல் கோபத்தோடு ஓடி, வழக்கைத் தோற்றவர்கள் நிறையப் பேர் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சட்டம் மருத்துவரிடம் எதிர்பார்ப்பது சரியான பதிலை அல்ல, சரியான முயற்சியை. அதே படிப்பும் அனுபவமும் உள்ள சாதாரண மருத்துவர் ஒருவர் அந்த நிலைமையில் நியாயமாக என்ன செய்திருப்பாரோ அதைச் செய்தாரா என்றுதான் பார்க்கும். ஜேக்கப் மேத்யூ என்ற மருத்துவரின் வழக்கில் 2005ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: கணிப்பு பிசகியது என்பதற்காக மட்டும் அது கவனக்குறைவு ஆகிவிடாது. ஆக, சித்தி விஷயத்தில் மருத்துவமனை "லிஸ்ஃப்ராங்க் எல்லோருக்கும் தவறுவதுதானே" என்று சொன்னால், முதல் நாளைப் பொறுத்தவரை அது நல்ல பதில்தான். மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் 12ஆம் நாள்? நாலாவது வாரம்? அங்கேதான் வழக்கு இருக்கிறது. சுளுக்கென்றால் நாளாக நாளாக வலி இறங்க வேண்டும். இறங்கவில்லை, உள்ளங்காலில் ரத்தம் கட்டியிருக்கிறது (இந்தக் காயத்துக்கு அது பேர்போன அடையாளம்), நோயாளியால் பாதத்தை ஊன்றவே முடியவில்லை. இதையெல்லாம் பார்த்த பிறகும் பாதத்தைத் தொட்டுப் பார்க்காமல், நிற்கவைத்து மறு எக்ஸ்ரே எடுக்காமல், எலும்பு மருத்துவரிடம் அனுப்பாமல் இருந்தது ஏன்? 1992ல் கனடாவின் ஒட்டாவாவில் உருவான ஒரு விதிமுறை இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. நடுப்பாதத்தில் வலியோடு, குறிப்பிட்ட இரண்டு எலும்புகளை அழுத்தினால் வலித்தாலோ, அல்லது நோயாளியால் நாலு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ பாதத்துக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்கிறது அது. கணுக்காலுக்கு எடுத்த எக்ஸ்ரே பாதத்துக்கு எடுத்ததாகாது. இப்படி, "செய்திருக்க வேண்டியது இது, செய்யாமல் விட்டது இது" என்று தேதியோடு காட்ட முடிந்தால் உங்கள் கையில் வழக்கு இருக்கிறது.

நீதிமன்றங்கள் இந்த வழியில்தான் பார்த்திருக்கின்றன. அப்போதைய ஆந்திராவில் காய்ச்சலோடு வந்த ஒரு பெண்ணுக்கு டைபாய்டு என்று மருந்து கொடுத்தார்கள், இருந்ததோ மலேரியா. அவர் இறந்துபோனார். கணவர் மலேரியா துறையிலேயே வேலை பார்த்தவர். மாவட்ட நுகர்வோர் மன்றம் (இப்போது இதன் பெயர் மாவட்ட நுகர்வோர் ஆணையம்) கொடுத்த 2 லட்சம் ரூபாயை மேலே உள்ள ஆணையங்கள் ரத்து செய்தன. 2010ல் உச்ச நீதிமன்றம் அந்த 2 லட்சத்தைத் திரும்ப உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பில் நமக்கு முக்கியமான ஒரு வரி, எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சி கட்டாயம் இல்லை என்பது. தவறு கண்ணுக்கே தெரிந்தால் ஆணையம் தானே முடிவுக்கு வரலாம். இருந்தாலும் பாதக் காயம் அவ்வளவு வெளிப்படையானதில்லை, ஒரு எலும்பு மருத்துவரின் எழுத்துபூர்வமான கருத்து இருந்தால் வழக்கு பாதி நின்றுவிடும் என்பது என் எண்ணம். பிரச்சினை என்னவென்றால், சக மருத்துவருக்கு எதிராக எழுதித்தர யாரும் லேசில் முன்வர மாட்டார்கள். அவர்களைக் குறைகூற வைக்க முயல வேண்டாம். "பார்த்ததை மட்டும் எழுதுங்க டாக்டர், எத்தனை வாரப் பழைய காயம் என்று மட்டும் போடுங்க" என்று கேளுங்கள். சித்தியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் கோவை மருத்துவர் காயம் பட்ட தேதியையும் ஏழு வாரப் பழைய காயம் என்பதையும் எழுதியிருக்கிறார், முன்பு பார்த்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது போதும்.

அடுத்தது, தொடங்குகிறவர்கள் அதிகம் குழம்பும் இடம். படியில் விழுந்தது மருத்துவமனையின் தப்பில்லை. ஜவ்வு அறுந்ததும் அவர்களால் இல்லை. முதல் நாளே கண்டுபிடித்திருந்தாலும் சித்தி மாவுக்கட்டோடு பல வாரம் வீட்டில் கிடந்திருப்பார், ஒருவேளை அறுவை சிகிச்சையும் நடந்திருக்கும். அதனால் அந்தச் செலவு முழுவதையும் மருத்துவமனையின் தலையில் கட்ட முடியாது. அவர்கள் பதில் சொல்ல வேண்டியது கூடுதலாக வந்த இழப்புக்கு மட்டும்தான்: ஏழு வாரம் ஊன்றி நடந்ததால் பாதத்தின் வளைவு அமுங்கிப்போனது, குருத்தெலும்பு தேய்ந்தது, எலும்பை நேராக்கித் திருகு வைத்தால் போதும் என்றிருந்த இடத்தில் மூட்டையே அசையாமல் ஒட்டவைக்க வேண்டி வந்தது, அதன் பின்னே வந்த வேலையிழப்பு, ஆயுசுக்கும் இருக்கும் நொண்டல். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் "முதல் நாளே தெரிந்திருந்தால்", அந்தப் பக்கம் "இப்போது" என்று எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் உங்கள் வழக்கு. வித்தியாசமே இல்லை, இரண்டு வாரம் தாமதமானாலும் கால் முழுசாகச் சரியாகிவிட்டது என்றால், தப்பு நடந்திருந்தாலும் பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள்.

இதில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வரும். வலி நிற்கவில்லை என்றதும் யாராவது சுளுக்கு வழிக்கிறவரிடம் கூட்டிப் போவார்கள், எண்ணெய் போட்டு இழுப்பார்கள், கட்டுப் போடுவார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது இதைத்தான்: விலகியதே அங்கே இழுத்ததால்தான் என்பார். போயிருந்தால் மறைக்க வேண்டாம், எந்தத் தேதியில் என்று எழுதி வையுங்கள். அதற்கு முன்பே உள்ளங்காலில் ரத்தம் கட்டியிருந்தது என்று காட்ட ஒரு படம் இருந்தால் அந்த வாதம் பலவீனப்பட்டுவிடும். சித்தியின் மகள் மூன்றாம் நாள் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு போட்டோ இப்போது வழக்கின் முக்கியமான ஆவணம்.

ஆவணம் என்றால் என்னென்ன என்று சொல்கிறேன். ஓ.பி. சீட்டு, மருந்துச் சீட்டு, பில், எக்ஸ்ரே பிலிம், அதன் அறிக்கை. மருந்துக்கடையில் மெஷினிலிருந்து வரும் வழவழப்பான பில் சில மாதத்தில் வெளுத்துப் போய்விடும், வாங்கிய வாரமே நகல் எடுத்துவிடுங்கள். பிலிமை அலமாரியில் மற்ற காகிதங்களோடு அடுக்கினால் மலை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எங்களுக்கு முதல் எக்ஸ்ரே அப்படித்தான் உறையோடு ஒட்டி, பிரிக்கும்போது ஓரத்தில் உரிந்துவிட்டது, நல்லவேளை பாதி பாதம் தப்பியது. இப்போதெல்லாம் பெரும்பாலும் கணினியில்தான் எடுக்கிறார்கள், அதனால் சி.டி.யிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையிடம் பதிவேடுகள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. வாயால் கேட்காதீர்கள், கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். கொடுக்காவிட்டால் அதுவே ஒரு குறைபாடாக எண்ணப்படும். ஒன்று கவனியுங்கள், 3 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று அந்த விதி சொல்வது உள்நோயாளிப் பதிவேடுகளை. வெளிநோயாளியாகப் போனவருக்குப் பல இடத்தில் கையில் இருக்கும் அந்தச் சின்னச் சீட்டுதான் எல்லாமே. கசங்கினாலும் பரவாயில்லை, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இனி எங்கே போவது? காசு கொடுத்துப் பார்த்த தனியார் மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம். மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995ல் இந்திய மருத்துவச் சங்கம் - வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019ல் வந்த புதிய சட்டத்தில் மருத்துவம் என்ற சொல்லே இல்லையே என்று மருத்துவர்கள் தரப்பில் கேட்டுப் பார்த்தார்கள், 2022ல் அதையும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை இதற்குள் வராது. அங்கே நடந்த தவறுக்கு சிவில் வழக்கு அல்லது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் (அரசுக்கு எதிராக நேராக அங்கே போடும் மனு) வழி. (நீலகிரிக்காரர்களுக்கு அது சென்னை, கொடைக்கானல்காரர்களுக்கு மதுரைக் கிளை.) சிலரிடம் காசு வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனை என்றால் இலவசமாகப் பார்த்தவரும் நுகர்வோர்தான். காசு காப்பீட்டு நிறுவனம் கட்டினாலும் அது இலவசமாகிவிடாது. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் மருத்துவமனையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 2007ல் தீர்ப்பு இருக்கிறது. வேலை செய்யும்போது விழுந்ததற்காகத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்கும் இழப்பீடு முற்றிலும் வேறு விஷயம், அதையும் இதையும் ஒரே மனுவில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

நீலகிரிக்கு மாவட்ட ஆணையம் ஊட்டியில் இருக்கிறது. மருத்துவமனை கோவையிலோ சென்னையிலோ இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம் என்பது 2019 சட்டம் கொண்டுவந்த பெரிய வசதி, பந்தலூரிலிருந்து ஊட்டிக்கு வருவதே அரை நாள் வேலை என்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். இணையத்தில் நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்திலும் மனு போடலாம். இன்னொன்று, மாவட்ட ஆணையத்தின் எல்லை 50 லட்சம் ரூபாய் என்று சொல்வார்கள், அது நீங்கள் கேட்கும் தொகை இல்லை, மருத்துவமனைக்கு நீங்கள் கட்டிய தொகை. 5 லட்சம் வரை கட்டியிருந்தால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. ஆக, மொத்தமாக இரண்டாயிரம் ரூபாய் பில் கட்டிய சித்தி, பல லட்சம் இழப்பீடு கேட்டுக் கட்டணம் இல்லாமல் மனு போட முடிந்தது. வக்கீல் இல்லாமலும் நடத்தலாம், ஆனால் மருத்துவ வழக்குக்கு வக்கீல் இருப்பது நல்லது. பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வக்கீல் கிடைப்பார், பெண்களுக்கு வருமான வரம்பு கூடப் பார்ப்பதில்லை. 15100க்கு அழைத்துக் கேட்கலாம்.

காலக்கெடு 2 வருடம். எப்போதிலிருந்து என்பதுதான் சிக்கல். தவறு தெரிய வந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன, ஆனால் வலியோடு சும்மா இருந்தவரை மன்னிப்பதில்லை. 1993ல் நடந்த பித்தப்பை அறுவை சிகிச்சையில் வயிற்றில் துணி விட்டுப்போன ஒரு செவிலியர், ஒன்பது வருடம் வலி மாத்திரையிலேயே ஓட்டிவிட்டு, 2002ல் துணியைக் கண்டுபிடித்து, 2004ல் மனு போட்டார். 2010ல் உச்ச நீதிமன்றம் காலம் கடந்துவிட்டது என்று தள்ளிவிட்டது.  அதனால் கணக்கை முதல் தடவை பார்த்த நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் பத்திரம்.

நடைமுறை இப்படிப் போகும். முதலில் வக்கீல் நோட்டீஸ், கட்டாயமில்லை என்றாலும் சில நேரம் அதிலேயே பேசி முடிக்க வருவார்கள். அப்புறம் மனு, மருத்துவமனையையும் மருத்துவரையும் சேர்த்து. மருத்துவர் செய்ததற்கு மருத்துவமனையும் பொறுப்பு. அவர்கள் பதில் மனு போட 30 நாள், ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் ஒரு நாள் கூடக் கிடையாது. இரு தரப்பும் சம்மதித்தால் சமரசத்துக்கு அனுப்புவார்கள். இல்லாவிட்டால் பிரமாண வாக்குமூலம் (உண்மை என்று உறுதியளித்து எழுதிக் கொடுக்கும் சாட்சி), ஆவணங்கள், நிபுணர் கருத்து, வாதம். மூன்று முதல் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடப்பில் வருடக்கணக்கில் இழுக்கும், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். தோற்றவர் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம், மருத்துவமனை போவதானால் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

போலீசில் புகார் கொடுக்கலாமா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கிரிமினல் குற்றம் ஆக மிக மோசமான கவனக்குறைவு வேண்டும், இப்படிப்பட்ட பாதக் காயத்துக்கு அது பொருந்தாது, காசும் அதில் வராது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், அது மருத்துவரின் நடத்தையைப் பற்றியது, இழப்பீடு தரும் அதிகாரம் அதற்கு இல்லை.

எவ்வளவு கேட்பது? வாயில் வந்த தொகையைப் போடாதீர்கள். இரண்டாவது மருத்துவமனைச் செலவில் தாமதத்தால் கூடிய பகுதி, கீழே போய்வந்த வண்டி வாடகை, கூட வந்தவரின் கூலி, இழந்த வேலை நாள், இனிமேல் குறையப்போகும் வருமானம், அடுத்து வேண்டியிருக்கும் சிகிச்சை, அப்புறம் வலிக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு தொகை, வழக்குச் செலவு. ஒரு கணக்குக்கு, நாள் கூலி 400 ரூபாய், மாதம் 25 நாள், தாமதத்தால் மட்டும் ஆறு மாதம் கூடுதலாக வேலை போனது என்றால் அதுவே 60,000 ரூபாய். தோட்டத்து வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு இருந்தால் இதை யாரும் மறுக்க முடியாது. சித்தி சரிவில் நின்று கொழுந்து பறிக்கிறவர், சமதளத்தில் நடக்கிற கால் வேறு, சரிவில் ஊன்றி நிற்கிற கால் வேறு. இந்த வித்தியாசத்தை மனுவில் தனிப் பத்தியாகவே எழுதச் சொன்னோம். மாற்றுத்திறன் சதவீதச் சான்றிதழை அரசு மருத்துவக் குழுவிடம் வாங்கி இணைத்தோம்.

இப்போது வழக்கு பிரமாண வாக்குமூலக் கட்டத்தில் இருக்கிறது. சுளுக்குதான் என்று எழுதிய அந்த ஓ.பி. சீட்டு, பாதி உரிந்த எக்ஸ்ரே, மூன்றாம் நாள் போட்டோ மூன்றையும் சித்தி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரிசி டப்பாவுக்கு மேலே ஈரம் ஏறாத இடத்தில் வைத்திருக்கிறார். வாய்தா அன்று அதை எடுத்துக்கொண்டு ஊட்டி பஸ்ஸில் ஏறும்போது, படியில் முதலில் வைப்பது இடது காலைத்தான்.